லட்சக்கணக்கில் விலை... பாய்மரப் படகுப் போட்டிக்கு காஸ்ட்லி வாட்ச் தேவையா? பதில் சொல்லும் தச்சர் ஜான் ஹாரிசனின் வாழ்க்கை!

பாய்மரப் படகுப் போட்டி என்றதும் நினைவுக்கு வருவது நீலக் கடல், வெள்ளைப் பாய், அதோடு விளம்பரங்களில் மின்னும் விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி - ஹோபார்ட் போட்டியின் பெயரிலேயே ரோலக்ஸ் இருக்கிறது. படகுப் போட்டிக்கென்றே கவுண்ட்டவுன் வசதியுடன் அந்த நிறுவனம் 2007-ல் யாட் மாஸ்டர் 2 என்ற வாட்ச்சை கொண்டு வந்தது. விலை பல லட்சம் ரூபாய்.

சரி, இவ்வளவு விலை கொடுத்தால்தான் கடலில் நேரம் சரியாக இருக்குமா? இல்லை, சில ஆயிரம் ரூபாய் டிஜிட்டல் வாட்ச் போதுமா?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் மாலுமி இல்லை. பெரிய படிப்பு படித்தவரும் இல்லை. இங்கிலாந்து கிராமம் ஒன்றைச் சேர்ந்த தச்சர். பெயர் ஜான் ஹாரிசன். கடலில் ஒழுங்காக ஓடும் கடிகாரத்தை உலகுக்குக் கொடுத்தவர். அதற்கான பரிசைக் கேட்டு, 80 வயது வரை அதிகாரிகளோடு மல்லுக்கட்டியவர். அவருடைய கதையை விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு செங்கோட்டை கணக்கு

கடலில் கடிகாரம் ஏன் அவ்வளவு முக்கியம்? இதைப் புரிந்துகொள்ள கடலுக்குப் போக வேண்டியதில்லை. குற்றால மலைக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கோட்டையே போதும்.

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படியென்றால் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. சென்னை நுங்கம்பாக்கம் சுமார் 80.25 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையில் இருக்கிறது. செங்கோட்டை சுமார் 77.25 டிகிரி. வித்தியாசம் 3 டிகிரி. அதாவது சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து 12 நிமிடம் கழித்துத்தான் செங்கோட்டையில் உச்சிக்கு வரும். இந்திய நேரப்படி பார்த்தால், ஆண்டு சராசரியாக செங்கோட்டையின் உண்மையான உச்சி வேளை 12 மணி 21 நிமிடம்.

இப்போது இதைத் திருப்பிப் போடுங்கள். உங்களிடம் சென்னை நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாது. சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். 12 நிமிடம் தள்ளி இருக்கிறது. உடனே சொல்லிவிடலாம், நீங்கள் சென்னைக்கு 3 டிகிரி மேற்கே இருக்கிறீர்கள். அவ்வளவுதான் விஷயம். கப்பல் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறது என்பதை துருவ நட்சத்திரமோ, நண்பகல் சூரியனின் உயரமோ சொல்லிவிடும். கிழக்கு மேற்காக எங்கே என்பதைச் சொல்ல, புறப்பட்ட ஊரின் நேரம் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் கடிகாரம் தவறினால்? இந்தப் பகுதியில் ஒரு டிகிரி என்பது கிழக்கு மேற்காக சுமார் 110 கிலோமீட்டர். செங்கோட்டையில் நிற்கும் ஒருவரின் கடிகாரம் 15 விநாடி தவறினால், கணக்கு அவரை 7 கிலோமீட்டர் தள்ளி தென்காசியில் கொண்டுபோய் நிறுத்தும். ஒரு நிமிடம் தவறினால் ஆலங்குளம். இரண்டு நிமிடம் தவறினால் கிட்டத்தட்ட பாளையங்கோட்டை. தரையில் இது சின்ன குழப்பம். வழியில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். நடுக்கடலில், இருட்டில், முன்னால் பாறை இருந்தால் இதுதான் உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி.

ஒரே இரவில் 4 கப்பல்கள்

அப்படித்தான் நடந்தது. 1707 அக்டோபர் 22 அன்று, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி கிளௌட்ஸ்லி ஷவல் தலைமையில் நாடு திரும்பிக்கொண்டிருந்த கப்பல்கள், தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் உள்ள சில்லி தீவுகளின் பாறைகளில் மோதின. 4 கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். தளபதியும் தப்பவில்லை.

நாடே அதிர்ந்தது. 1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. கடலில் தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் சரியாகக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு. அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. பரிசுக்கு வரும் யோசனைகளை ஆராய தீர்க்கரேகை வாரியம் என்ற குழுவும் அமைக்கப்பட்டது.

அரை டிகிரி என்றால் 2 நிமிடம். பிரிட்டனிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்ச் சேர சுமார் 6 வாரம். அத்தனை நாளும் சேர்த்து மொத்தப் பிழை 2 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு நாளைக்கு 3 விநாடிக்கும் குறைவு. அன்றைய சட்டைப்பை கடிகாரங்கள் நாளுக்கு ஒரு நிமிடம் வரை தவறுவது சகஜம். பெண்டுலம் கடிகாரங்கள் துல்லியமாக ஓடும், ஆனால் ஆடும் கப்பலில் பெண்டுலம் எப்படி ஒழுங்காக ஆடும்? வெயில் பட்டால் உலோகம் நீளும், குளிர்ந்தால் சுருங்கும், எண்ணெய் இறுகும். கடிகாரத்தை வைத்து இதைச் சாதிக்கவே முடியாது என்பதுதான் பெரிய அறிஞர்கள் பலரின் முடிவு. விடை வானத்தில் இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள்.

யார் இந்த ஜான் ஹாரிசன்?

ஹாரிசன் பிறந்தது 1693-ல், யார்க்‌ஷயரில் உள்ள ஃபௌல்பி என்ற சின்ன ஊரில். அப்பா தச்சர். மகனும் அதே தொழில். குடும்பம் பிறகு லிங்கன்‌ஷயரில் உள்ள பாரோ கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. கடிகாரத் தொழிலை அவர் யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. 20 வயதில், 1713-ல், முதல் கடிகாரத்தைச் செய்து முடித்தார். பல் சக்கரங்கள் உட்பட உள்ளே இருந்தது பெரும்பாலும் மரம். தச்சருக்குத் தெரிந்த பொருள் அதுதானே!

1722 வாக்கில் பிராக்கிள்ஸ்பி பார்க் என்ற இடத்தில் ஒரு கோபுரக் கடிகாரம் செய்தார். கடிகாரங்களுக்கு அன்று பெரிய தலைவலி எண்ணெய். கொஞ்ச நாளில் கெட்டியாகி ஓட்டத்தைக் கெடுத்துவிடும். ஹாரிசன் என்ன செய்தார் தெரியுமா? எண்ணெயே தேவைப்படாத கடிகாரத்தைச் செய்தார். தானாகவே பிசுபிசுப்பு கசியும் லிக்னம் வீட்டே என்ற வெப்பமண்டல மரத்தை, உராயும் இடங்களில் பொருத்தினார். அந்தக் கடிகாரம் 300 ஆண்டுகள் கடந்து இன்றும் ஓடுகிறது.

அடுத்து, தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து, வெப்பநிலை மாறினாலும் நீளம் மாறாத பெண்டுலத்தை உருவாக்கினார். பித்தளையும் எஃகும் வெவ்வேறு அளவில் நீளும் என்பதைப் பயன்படுத்தி, ஒன்று நீள்வதை இன்னொன்று சரிக்கட்டும்படி கம்பிகளை அடுக்கினார். அந்தக் கடிகாரங்கள் மாதத்துக்கு ஒரு விநாடி அளவே தவறின. கிராமத்துத் தச்சர்கள் இருவர், லண்டன் கடிகாரக்காரர்களையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள்.

இனி கடல்தான் பாக்கி.

34 கிலோ எடை, முதல் பயணம்

1730-ல் ஹாரிசன் லண்டனுக்குப் போய் வானியல் அறிஞர் எட்மண்ட் ஹாலியைச் சந்தித்தார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். அவர் கடிகார நிபுணர் ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பி வைத்தார். கிரஹாமுக்கு ஹாரிசனின் திட்டம் பிடித்துப்போனது. கைக்காசையே கடனாகக் கொடுத்து உதவினார்.

5 ஆண்டு உழைப்பில் 1735-ல் தயாரானது முதல் கடல் கடிகாரம். இன்று அதை எச்1 என்று அழைக்கிறார்கள். எடை சுமார் 34 கிலோ. பெண்டுலத்துக்குப் பதிலாக ஸ்பிரிங்குகளால் இணைக்கப்பட்ட இரண்டு ஆடும் கட்டைகள். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்றின் பிழையை இன்னொன்று சரிசெய்யும்.

1736-ல் அதைக் கப்பலில் ஏற்றி லிஸ்பனுக்குப் போனார் ஹாரிசன். கடல் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குமட்டலில் அவதிப்பட்டார். ஆனால் திரும்பும்போது கடிகாரம் தன் வேலையைக் காட்டியது. கரை தெரிந்ததும் அது எந்த முனை என்று கப்பல் அதிகாரிகள் ஒன்று சொல்ல, ஹாரிசன் வேறொன்று சொன்னார். ஹாரிசன் சொன்னதுதான் சரி. கப்பலின் கணக்கு சுமார் 60 மைல் தவறியிருந்தது.

இங்கேதான் அவருடைய குணம் தெரிகிறது. 1737-ல் தீர்க்கரேகை வாரியம் கூடியது. அங்கே தன் கடிகாரத்தைப் புகழ்ந்து பேசி, பரிசுக்கான சோதனைப் பயணத்தைக் கேட்டிருக்கலாம். மாறாக, அதில் இருக்கும் குறைகளை அவரே பட்டியலிட்டார். இன்னும் நல்லதாகச் செய்ய காலமும் கொஞ்சம் பணமும் போதும் என்றார். வாரியம் 500 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டது.

அந்த நேர்மை அவருக்கு 20 ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பாக மாறியது. இரண்டாவது கடிகாரம் எச்2 இன்னும் கனமானது. அதில் அடிப்படைக் கோளாறு ஒன்றைத் தானே கண்டுபிடித்து, கடலுக்கு அனுப்பாமலே ஒதுக்கிவிட்டார். மூன்றாவது எச்3. அதற்கு மட்டும் 19 ஆண்டுகள். 700-க்கும் மேற்பட்ட பாகங்கள். அதற்காக அவர் கண்டுபிடித்த இரு உலோகப் பட்டை, பின்னாளில் அயர்ன் பாக்ஸ் முதல் பல கருவிகளில் சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகமானது. கூண்டுக்குள் உருளும் பேரிங்கும் அதே எச்3-க்காக வந்ததுதான். ஆனாலும் கடிகாரம் அவர் நினைத்த துல்லியத்தைத் தரவில்லை.

பெரிசு போய் சின்னது வந்தது

1753-ல் ஜான் ஜெஃப்ரிஸ் என்ற லண்டன் கைவினைஞரிடம், தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு சட்டைப்பை கடிகாரம் செய்து வாங்கினார் ஹாரிசன். தான் சொன்ன சில மாற்றங்களுடன் அதைச் செய்யச் சொல்லியிருந்தார். அது எதிர்பார்த்ததைவிட ரொம்ப நன்றாக ஓடியது.

அப்போதுதான் அவருக்குத் தெளிவு பிறந்தது. இத்தனை ஆண்டுகள் பெரிய இயந்திரங்களைக் கட்டியதே தவறான பாதையோ? பெரிய கட்டை மெதுவாக ஆடும், கப்பலின் ஆட்டம் அதை எளிதில் குழப்பும். சின்ன சக்கரம் வேகமாக ஆடினால் கப்பல் ஆட்டம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. 60 வயதில், கால் நூற்றாண்டு உழைப்பை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்.

1759-ல் பிறந்தது எச்4. குறுக்களவு 13 சென்டிமீட்டர். எடை சுமார் ஒன்றரை கிலோ. விநாடிக்கு 5 முறை துடிக்கும். உராய்வைக் குறைக்க உள்ளே வைரமும் மாணிக்கமும். வெளியே வெள்ளி உறை. பார்த்தால் ராஜா வீட்டு நகை போல இருக்கும். அந்தக் காலத்தின் லக்சுரி வாட்ச் என்றே சொல்லலாம். ஆனால் அதில் இருந்த வைரம் அழகுக்காக இல்லை, தேய்மானத்தைத் தடுக்க.

81 நாள், 5 விநாடி

1761 நவம்பரில் எச்4 சோதனைப் பயணம் கிளம்பியது. ஹாரிசனுக்கு அப்போது 68 வயது. தனக்குப் பதிலாக மகன் வில்லியமை அனுப்பினார். டெப்ட்ஃபோர்டு என்ற கப்பல் ஜமைக்காவை நோக்கிப் புறப்பட்டது. வழியில் மடெய்ரா தீவுப் பக்கம் எப்போது கரை தெரியும் என்பதில் கப்பலின் கணக்கும் வில்லியமின் கணக்கும் முட்டிக்கொண்டன. கடிகாரம் சொன்னதே சரியானது.

ஜமைக்கா போய்ச் சேர்ந்தபோது 81 நாள் கடந்திருந்தது. கடிகாரம் தினமும் வழக்கமாக எவ்வளவு பின்தங்கும் என்ற கணக்கைக் கழித்துப் பார்த்தால், மொத்தப் பிழை வெறும் 5.1 விநாடி.

நம்ம செங்கோட்டை கணக்கில் சொன்னால் சுமார் இரண்டரை கிலோமீட்டர். ஊரைத் தாண்டவே இல்லை! பரிசுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையோ பாளையங்கோட்டை வரை.

பரிசு கைக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. ஜமைக்காவின் தீர்க்கரேகையே துல்லியமாகத் தெரியாது என்றது வாரியம். கடிகாரம் தினமும் எவ்வளவு தவறும் என்பதை முன்கூட்டியே ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டது. இது குருட்டு அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், மறுபடியும் போங்கள் என்றது.

1764-ல் இரண்டாவது பயணம், பார்படோஸ் தீவுக்கு. இந்த முறை தினசரிப் பிழையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார் வில்லியம். முடிவு, 47 நாளில் 39.2 விநாடி. செங்கோட்டையிலிருந்து ஏறக்குறைய சுரண்டை தூரம். இதுவும் பரிசுக்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு துல்லியம்.

எதிராளிக்கு ஒரு சென்னை தொடர்பு

பார்படோஸில் அந்தச் சோதனையைக் கண்காணிக்க அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் நெவில் மாஸ்கெலின். நிலவுக்கும் நட்சத்திரங்களுக்கும் இடையிலான தூரத்தை அளந்து தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கும் முறையின் தீவிர ஆதரவாளர். அதாவது ஹாரிசனின் போட்டி முறையைச் சேர்ந்தவரே நடுவர்! 1765-ல் அவர் அரசவை வானியலாளர் பதவிக்கும் வந்தார். அந்தப் பதவியால் தீர்க்கரேகை வாரியத்திலும் இடம் கிடைத்தது.

மாஸ்கெலின் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அவருடைய தங்கை மார்கரெட் சென்னை வரலாற்றில் இருக்கிறார். 1753-ல் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயத்தில் ராபர்ட் கிளைவ் மணந்துகொண்டது இவரைத்தான்.

மாஸ்கெலினை வெறும் வில்லனாகப் பார்ப்பதும் சரியில்லை. அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. ஒரு மேதை 50 ஆண்டு உழைத்து ஒரே ஒரு கடிகாரம் செய்தால், நூற்றுக்கணக்கான கப்பல்களுக்கு அது எப்படி உதவும்? வானம் எல்லோருக்கும் இலவசம். அவர் 1767-ஆம் ஆண்டுக்கென வெளியிடத் தொடங்கிய கடல் பஞ்சாங்கம், மணிக்கணக்கான கணக்கீட்டைப் பெருமளவு குறைத்தது. மாலுமிகள் அதைப் பல்லாண்டு பயன்படுத்தினார்கள்.

ஆனால் ஹாரிசன் நடத்தப்பட்ட விதம் கசப்பானது. 1765-ல் புதிய சட்டம் வந்தது. கடிகாரத்தின் ரகசியத்தை முழுவதும் விளக்கினால் பாதிப் பரிசு, வேறு கைகள் அதைப் போலவே செய்ய முடியும் என்று நிரூபித்தால் மீதி என்றது. ஹாரிசன் நிபுணர் குழுவின் முன் எச்4-ஐ ஒவ்வொரு திருகாகக் கழற்றிக் காட்டினார். முதல் பாதி கிடைத்தது. ஆனால் கடிகாரத்தை வாரியம் எடுத்துக்கொண்டது. 1766-ல் பழைய மூன்று கடிகாரங்களையும் அவர் வீட்டிலிருந்து எடுத்துச் சென்றார்கள். தூக்கும்போதே எச்1 கீழே விழுந்து சேதமானது. கண் முன்னே விழுந்தது அவருடைய 5 ஆண்டு உழைப்பு.

அரசரிடம் போன முறையீடு

70 வயதைத் தாண்டியவர் அதோடு சோர்ந்து உட்காரவில்லை. மகனுடன் சேர்ந்து எச்5 என்ற இன்னொரு கடிகாரத்தைச் செய்தார். நேராக அரசர் மூன்றாம் ஜார்ஜிடம் முறையிட்டார்கள். அறிவியலில் ஆர்வம் கொண்ட அரசர், 1772-ல் தன் சொந்த ஆய்வகத்திலேயே பத்து வாரம் அதைச் சோதித்தார். ஒரு நாளைக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் ஓடியது.

அரசரின் ஆதரவோடு நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 1773-ல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு ஒதுக்கியது. ஹாரிசனுக்கு வயது 80. இடைக்காலத்தில் கிடைத்த உதவிகளையும் சேர்த்தால் முழுப் பரிசுக்கு ஈடான பணம் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் தீர்க்கரேகைப் பரிசை வென்றவர் என்ற பட்டத்தை வாரியம் அவருக்குக் கடைசி வரை கொடுக்கவே இல்லை.

1776 மார்ச் 24 அன்று லண்டனில் ஹாரிசன் காலமானார். வயது 83.

நகை எப்படி கருவி ஆனது?

ஹாரிசன் ஜெயித்தார். ஆனால் அவர் செய்த கடிகாரம் நடைமுறைக்கு ஒத்துவந்ததா? இதுதான் நம் தலைப்புக் கேள்விக்கு நெருக்கமான இடம்.

எச்4-ஐ அப்படியே நகல் எடுக்கும் வேலை லார்கம் கெண்டல் என்பவருக்குத் தரப்பட்டது. கே1 என்ற அந்த நகலுக்கு அவர் பெற்றது 500 பவுண்டு. கேப்டன் ஜேம்ஸ் குக் 1772 முதல் 1775 வரை நடத்திய இரண்டாவது உலகப் பயணத்தில் அதைக் கொண்டு போனார். வெப்ப மண்டலத்திலிருந்து பனிக்கடல் வரை அது ஒழுங்காக ஓடியது. சந்தேகத்தோடு போன குக், அதன் ரசிகராகத் திரும்பினார்.

ஆனால் ஒவ்வொரு கப்பலுக்கும் 500 பவுண்டு யார் கொடுப்பது? கெண்டல் சில பாகங்களைக் குறைத்து 200 பவுண்டுக்கு கே2, 100 பவுண்டுக்கு கே3 செய்தார். விலையோடு துல்லியமும் குறைந்தது. பிறகு வந்த ஜான் அர்னால்டும் தாமஸ் எர்ன்ஷாவும் வேறு வழியில் போனார்கள். ஹாரிசனின் அமைப்பை நகலெடுக்காமல், எளிமையான வேறு அமைப்பை உருவாக்கி, வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து, எண்ணிக்கையில் தயாரித்தார்கள். விலை நூறு பவுண்டுக்குக் கீழே இறங்கியது. குரோனோமீட்டர் என்ற பெயர் மாலுமிகளிடம் பரவியது. சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அதை விரும்பி வாங்கின.

அப்போதும் ஒரே கடிகாரத்தை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. 1831-ல் சார்லஸ் டார்வினை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பீகிள் கப்பலில் இருந்தவை 22 குரோனோமீட்டர்கள். ஒன்று தவறினால் மற்றவை காட்டிக் கொடுக்கும்.

கரையில் சரிபார்க்க நம்பகமான நேரமும் தேவைப்பட்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த மெட்ராஸ் வானாய்வகம் நட்சத்திரங்களைப் பார்த்து நேரத்தைக் கணித்தது. கேப்டன் குக்கின் பயணங்களுக்குக் கடிகாரம் செய்து கொடுத்த ஜான் ஷெல்டனின் பெண்டுலம் கடிகாரம் ஒன்று அங்கே இருந்தது. அது இன்றும் கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது. அந்த மெட்ராஸ் நேரம்தான் பின்னாளில் இந்திய ரயில்வேயின் நேரமானது. 1904-ல் மலையைக் குடைந்து கொல்லம் - செங்கோட்டை ரயில் வந்தபோதும், இந்திய ரயில்கள் பார்த்தது மெட்ராஸ் நேரத்தைத்தான். 1906-ல்தான் இன்றைய இந்தியத் திட்ட நேரம் வந்தது.

சரி, படகுப் போட்டிக்கு வருவோம்

சென்னை துறைமுகத்தில் 1911-ல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் பாய்மரப் படகுகளை ஓட்டுகிறது. ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு செலுத்திய முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர்தான். இந்தப் போட்டிகளில் நேரம் எங்கே முக்கியம்? தொடக்கத்தில்.

ஓட்டப் பந்தயம் போல படகுகள் கோட்டில் நிற்க முடியாது. காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் 5 நிமிட கவுண்ட்டவுன். 5 நிமிடம் இருக்கும்போது முதல் கொடி ஏறும். 4 நிமிடத்தில் இரண்டாவது கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டாவது கொடி இறங்கும். முதல் கொடி இறங்கியதும் போட்டி ஆரம்பம். அதற்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். விதிப்படி கொடிதான் கணக்கு, சத்தம் கேட்காமல் போனாலும் செல்லாது என்று சொல்ல முடியாது.

இப்போது ஒரு சின்ன கணக்கு. குரோனோமீட்டர் சான்று பெறும் சுவிஸ் மெக்கானிக்கல் வாட்ச்சுக்கு நாளொன்றுக்கு சராசரியாக 4 விநாடி பின்தங்குவதும் 6 விநாடி முந்துவதும் அனுமதிக்கப்பட்ட பிழை. நாளுக்கு 6 விநாடி என்றால் 5 நிமிடத்தில் 0.02 விநாடி. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகுக்கு அது 6 சென்டிமீட்டர். ஒன்றுமே இல்லை. ஆனால் கொடி ஏறியதைப் பார்த்து நீங்கள் பட்டனை ஒரு விநாடி தாமதமாக அமுக்கினால்? கிட்டத்தட்ட 2.8 மீட்டர்! ஒரு சின்ன படகின் முக்கால் நீளம்.

ஆக, 5 நிமிடத்துக்கு எல்லா வாட்ச்சும் துல்லியம்தான். லட்சம் ரூபாய் வாட்ச்சும் சரி, ஆயிரம் ரூபாய் வாட்ச்சும் சரி. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

* ஈரக் கையோடு, உறை போட்ட விரலோடு பட்டனை அமுக்க முடிகிறதா?
* உப்புத் தண்ணீர் தெறிக்கும்போது எண் பளிச்சென்று தெரிகிறதா?
* கடைசி விநாடிகளில் சத்தம் கொடுக்கிறதா? கண் பாய் மீதும் மற்ற படகுகள் மீதும் இருக்கும்போது காதுதான் உதவும்.
* முதல் கொடியைத் தவறவிட்டால், அடுத்த கொடியில் ஒரே அமுக்கில் சரிசெய்ய முடிகிறதா?
* கயிற்றில் மாட்டித் தொலைந்தாலோ, அடிபட்டாலோ தாங்கிக்கொள்ளும் விலையா?

யாட் மாஸ்டர் 2 போன்ற வாட்ச்சில் கவுண்ட்டவுனும், ஓடும்போதே சரிசெய்யும் வசதியும் உண்டு. வேலைக்கு ஆகாது என்று சொல்ல முடியாது. 1966-67-ல் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றி வந்த பிரான்சிஸ் சிசெஸ்டர் கட்டியிருந்ததும் ரோலக்ஸ்தான். ஆனால் அன்று கையில் கட்டும் குவார்ட்ஸ் வாட்ச் விற்பனைக்கே வரவில்லை. 1969 டிசம்பரில் சீகோ கொண்டு வந்த முதல் குவார்ட்ஸ் வாட்ச், மாதத்துக்கு 5 விநாடி அளவே தவறியது. அன்று அதன் விலை ஒரு காருக்கு நிகர். இன்று அதே தொழில்நுட்பம் பெட்டிக்கடை வாட்ச் வரை வந்துவிட்டது. ஹாரிசனின் எச்4 போன பாதையில்தான் குவார்ட்ஸும் போயிருக்கிறது. முதலில் நகை விலை, பிறகு எல்லோர் கையிலும் கருவி.

முடிவு என்ன?

குறுகிய படகுப் போட்டிக்கு, பெரிய எண்களும் சத்தமும் கொண்ட டிஜிட்டல் கவுண்ட்டவுன் வாட்ச் போதும். லட்ச ரூபாய் வாட்ச் பிடித்தால் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அது ஆசை, தேவை இல்லை. வாரக்கணக்கில் நடுக்கடலில் இருப்பவருக்கு, ஜிபிஎஸ் கைவிட்டுவிட்டால் கணக்கே வேறு. அங்கே தினமும் எவ்வளவு தவறும் என்று தெரிந்த வாட்ச்தான் உயிர் காக்கும். தினமும் சரியாக 3 விநாடி பின்தங்கும் வாட்ச்சை நம்பிப் போகலாம், கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் முந்தி, ஒரு நாள் பிந்தி ஓடும் வாட்ச்சில் வைரமே பதித்திருந்தாலும் பிரயோஜனமில்லை.

ஹாரிசனின் நான்கு கடல் கடிகாரங்களும் இன்று லண்டன் கிரீன்விச்சில் உள்ளன. 1920-களில் தொடங்கி ரூபர்ட் கோல்டு என்ற கடற்படை அதிகாரி பல ஆண்டுகள் செலவழித்து அவற்றைப் பழுது பார்த்தார். கீழே விழுந்து உடைந்த எச்1 இப்போது ஓடுகிறது. எச்2, எச்3-யும் ஓடுகின்றன. எச்4-ஐ மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு எண்ணெய் தேவை, ஓட விட்டால் தேய்ந்துவிடும் என்பதால்!